டிக்கி பூட்டு: திறக்க மாட்டேங்குது, தானா திறக்குது

சீசன் வண்டிகளைப் பற்றி வரிசையாகப் பேசிக்கிட்டு வர்றோம். இன்னைக்கு எடுத்திருக்கிறது ரொம்பச் சின்னச் சாமான், டிக்கி பூட்டு. வேன், டூரிஸ்ட் பஸ், கேரவன், எதுவானாலும் வெளிப்பக்கம் சாமான் வைக்கிற அறை ஒன்று இருக்கும். அதற்கு ஒரு கதவு, அந்தக் கதவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பூட்டு. அதைப் பற்றித்தான்.

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால், திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிற வண்டியெல்லாம் ஆலங்குளம் தாண்டி நம்ம பாவூர்சத்திரத்தில் ஒரு நிறுத்தம் போடும். டீ குடிப்பாங்க, மார்க்கெட்டில் காய் வாங்குவாங்க, வாங்கின காயை வைக்க டிக்கியைத் திறக்கப் போவாங்க. பட்டறைக்கு வருகிற புகார் இரண்டே வகைதான். ஒன்று, "அண்ணாச்சி, சாவி சுத்துது, கதவு திறக்க மாட்டேங்குது." இன்னொன்று, "அண்ணாச்சி, வர்ற வழியில டிக்கி தானா திறந்துக்கிச்சு, பாய்க்கட்டைக் காணோம்." ஒன்றுக்கொன்று நேர் எதிரான புகார் மாதிரி தெரியும். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

வெளிநாட்டில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டி இருக்கிறது. டிராவல் டிரெய்லர் என்பார்கள். நம்ம சாலையில் அதைப் பார்ப்பது அபூர்வம். பக்கத்து மாநிலத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கேரள அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம்ம பக்கம் அந்த வேலையை டெம்போ டிராவலரும் டூரிஸ்ட் பஸ்ஸும்தான் செய்கின்றன. அடுப்பு, அண்டா, அரிசி, பாய், பாட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்று வீடே வண்டியில் ஏறும். வண்டிதான் வேறு. கதவில் இருக்கிற பூட்டு அங்கேயும் இங்கேயும் ஒரே ஜாதிதான்.

அதற்குப் பெயர் கேம் லாக். பீரோ டிராயரிலும் தபால் பெட்டியிலும் இருப்பதும் இதுதான். முன்னால் சாவி நுழைகிற முகம். நடுவில் மரை போட்ட ஒரு குழாய், பேரல். கதவுக்கு உள்பக்கம் அந்தப் பேரலை இறுக்குகிற பெரிய நட்டு. கடைசியில் ஒரு பட்டை இரும்பு, அதை நாக்கு என்போம். சாவியைத் திருப்பினால் நாக்கு கால் வட்டம் சுற்றிக் கதவுச் சட்டத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி.

இப்போ ஒன்று கவனிங்க. தமிழில் தாழ் என்று ஒரு சொல், பூட்டு என்று ஒரு சொல் இருக்கிறது. தாழ் கதவைச் சாத்தி நிறுத்தி வைக்க. பூட்டு அடுத்தவன் திறக்காமல் இருக்க. வீட்டு வாசலில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். டிக்கியில் இந்தச் சின்ன நாக்கின் தலையில் இரண்டு வேலையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஓடுகிற வண்டியின் அதிர்ச்சி, ரப்பர் பீடிங் வெளியே தள்ளுகிற தள்ளு, உள்ளே சரிகிற அண்டாவின் கனம், எல்லாம் அந்த ஒரு நாக்கில்தான் விழுகிறது. அது அதற்காகச் செய்த சாமானே இல்லை. அதனால் "பூட்டு போச்சு" என்று வருகிற வண்டியில் நான் முதலில் பூட்டைப் பார்ப்பதில்லை. கதவைப் பார்ப்பேன்.

எப்படிப் பார்ப்பது? டிக்கிக் கதவைத் திறந்து, கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்க. கீல் தேய்ந்திருந்தால் கதவு லொடலொடன்னு ஆடும். அடுத்து, நாக்கின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, கதவை மூடிப் பூட்டித் திறங்க. சட்டத்தில் சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்க. நாக்கின் நுனி மட்டும் லேசாகத் தொட்டிருந்தால், அடுத்த பெரிய பள்ளத்தில் கதவு திறந்துவிடும். ஒரு விரல் அகலமாவது நாக்கு உள்ளே போய் நிற்கணும். தேய்த்த அடையாளம் ரொம்ப அழுத்தமாக, பெயிண்டே போகிற அளவுக்கு இருந்தால், கதவு தொங்கி நாக்கு சட்டத்தில் இடிக்கிறது. சாவியை முறுக்கித்தான் திறக்க முடியும், ஒருநாள் சாவி உடையும். இரண்டிலும் கீலைச் சரி செய்யாமல் புதுப்பூட்டு மாட்டினால், அடுத்த சீசனுக்குள் அதே வண்டி திரும்ப வரும்.

பீடிங் மாற்றின உடனே பூட்டு இறுகிவிட்டது என்றும் சொல்வாங்க. புது ரப்பர் தடிமனாக இருக்கும், கதவை வெளியே தள்ளும். அந்த நேரத்தில் சாவியையே கைப்பிடியாக வைத்து இழுக்காதீங்க. ஒரு கையால் கதவை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சாவியைத் திருப்புங்க. பாதி சாவி உடைவது இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான்.

சாவி சுத்துகிறது, நாக்கு அசையவில்லை என்றால் அது வேறு கேஸ். நாக்கைப் பேரலோடு பிடித்திருக்கிற சின்ன ஸ்க்ரூ கழன்றிருக்கும். உள்பக்கமாகக் கை போகிற வழி இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஸ்பிரிங் வாஷர் ஒன்றைச் சேர்த்து, மரையில் ஒரு சொட்டு லாக்டைட் விட்டு இறுக்குங்க. பூட்டு முழுசும் சேர்ந்து சுத்தினால், பின்னால் இருக்கிற பெரிய நட்டு லூஸ். அல்லது கதவின் ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிட்டது. பேரலின் இரண்டு பக்கமும் சீவின மாதிரி தட்டையாக இருக்கும், கதவின் ஓட்டையும் அதே வடிவத்தில் இருக்கணும். அதுதான் பூட்டைச் சுத்தவிடாமல் பிடிக்கிறது. ஓட்டை தேய்ந்துவிட்டால் உள்பக்கம் சரியான வடிவத்தில் ஓட்டை போட்ட இரும்புத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயம். நம்ம வீட்டில் எது கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். பூட்டுக்கு அது ஆகாது. முதலில், அது தூசியைப் பிடித்து உள்ளே பசை மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கிறது பாருங்க, அதேதான் பூட்டுக்குள்ளும் நடக்கும். முதலில் டபிள்யூடி 40 மாதிரி ஸ்ப்ரே அடித்து அழுக்கை வெளியே கொண்டுவந்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் கிராபைட் தூள் போடுங்க. கிராபைட் கிடைக்கவில்லையா, மெதுவான பென்சிலைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்க. போதும்.

சாவி உள்ளே உடைந்துவிட்டால், கையில் இருக்கிற மிச்சத் துண்டை உள்ளே விட்டு அழுத்திப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அதைச் செய்தால் துண்டு இன்னும் உள்ளே போய்விடும். பூட்டின் துவாரம் சாவி நுழைகிற நிலைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அந்த நிலைக்குத் திருப்புங்க. திருகின நிலையில் துண்டு வெளியே வராது. அப்புறம் நகைப் பட்டறையில் வைத்திருப்பார்களே, நூல் மாதிரி ஒரு ரம்பப் பிளேடு, அதில் ஒன்றைப் பல் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி சாவியை ஒட்டி உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தால் துண்டு சேர்ந்து வரும்.

சாவியே தொலைந்துவிட்டது என்றால், துளை போடுவதற்கு முன்னால் பூட்டின் முகத்தைத் துடைத்துப் பாருங்க. சில பூட்டுகளில் மூன்று, நான்கு இலக்க எண் குத்தியிருப்பார்கள். அது சாவி எண். அந்த எண்ணுக்குச் சாவி கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் டிரில்தான். சாவி துவாரத்துக்கு நேராக முதலில் 3 மில்லிமீட்டர் பிட், அப்புறம் 6. பூட்டின் உடம்பு பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, மெதுவான உலோகம், சீக்கிரம் இறங்கும். உள்ளே இருக்கிற மெல்லிய தகடுகள் உடைந்ததும், தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் நாக்கு விலகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. பிட்டில் பூட்டின் நீளத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்லது. அதற்கு மேல் இறங்கினால் உள்ளே என்ன இருக்கிறதோ அதில்தான் பிட் போகும். அது ஒயராக இருக்கலாம், பேட்டரியாக இருக்கலாம். உள்ளே சிலிண்டர் இருக்கிறது என்றால் டிரில்லைத் தொடவே தொடாதீங்க. கீல் பக்கமாகப் போல்ட்டைக் கையால் கழற்றிக் கதவை எடுக்க முடியுமா என்று பாருங்க. சிலிண்டர் விஷயத்துக்குப் பின்னால் வர்றேன்.

புதுப்பூட்டு வாங்கப் போகிறீங்க. கடையில் போய் "டெம்போ டிராவலர் டிக்கி பூட்டு குடுங்க" என்று கேட்டால், கம்பெனிக் கதவாக இருந்தால் கிடைக்கும். பாடி கட்டின வண்டியாக இருந்தால் அந்தப் பெயரால் ஒன்றும் பயனில்லை. கரூரில் பாடி கட்டின பஸ்ஸில் அந்தப் பட்டறை அன்றைக்கு எதை வாங்கியிருந்ததோ அதுதான் இருக்கும். பழைய பூட்டையே கழற்றிக் கையில் கொண்டு போவதுதான் சரி. அது உடைந்து போயிருந்தால் நாலு விஷயம் அளந்து எழுதிக்கோங்க. ஓட்டையின் விட்டம், பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் பக்கம் வரும். கதவின் மொத்தத் தடிமன், தகடும் உள்ளே ஒட்டின பிளைவுட்டும் சேர்த்து. அதை வைத்துத்தான் 16, 20, 25, 30 மில்லிமீட்டர் என்று பேரல் நீளம் எடுக்கணும். நாக்கு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா, பூட்டிலிருந்து சட்டம் எத்தனை தூரம் என்பது மூன்றாவது. சாவி கால் வட்டம் சுத்துமா, அரை வட்டம் சுத்துமா என்பது நாலாவது. இதில் நாக்கின் வளைவைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பூட்டு அழகாகப் பொருந்தும், நாக்கு மட்டும் சட்டத்துக்குப் பின்னால் அரை அங்குலம் தள்ளி நிற்கும், கதவு டங்டங்னு அடித்துக்கொண்டே வரும்.

மாட்டும்போது முகத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வாஷர் கட்டாயம். சாரல் மழை பெரிய மழை மாதிரி வழிந்து ஓடாது, நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கும், எந்தச் சந்திலும் நுழையும். ஓட்டையை ராவியிருந்தால் வெட்டின விளிம்பில் ரெட் ஆக்சைடு தடவிக் காயவிட்டு அப்புறம் மாட்டுங்க. துவாரத்துக்குச் சின்ன மூடி வைத்த பூட்டு கிடைத்தால் அதையே வாங்குங்க. மாட்டி முடித்ததும் உடனே கதவை மூடிவிடாதீங்க. கதவு திறந்தபடியே பத்துத் தடவை சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு மூடுங்க.

சரி, பூட்டினால் பத்திரமா? அதிகம் நம்பாதீங்க. இந்தப் பூட்டுக்குள் இருப்பது மெல்லிய தகடுகள். வீட்டுப் பூட்டு மாதிரி நுணுக்கம் கிடையாது. கம்பெனிகள் சில எண்களுக்கு மட்டும் சாவி அடித்து ஆயிரக்கணக்கில் விடுகின்றன. அமெரிக்காவில் சிஹெச் 751 என்று ஒரு சாவி இருக்கிறது. பல கம்பெனிகளுடைய டிரெய்லர்களின் வெளி டிக்கிகள் வெகுகாலமாக இந்த ஒரே சாவிக்குத் திறக்கும். முகாமில் பக்கத்து வண்டிக்காரர் சாவி உங்கள் டிக்கிக்குப் போகும், உங்கள் சாவி அவர் டிக்கிக்குப் போகும். அதனால்தான் அங்கே டிரெய்லர் வாங்கினவர்கள் பலர் முதல் வேலையாகப் பூட்டை மாற்றுகிறார்கள். நம்ம ஊரிலும் சோதித்துப் பார்க்கலாம். கடையில் ஒரே டப்பாவில் இருக்கிற நாலு பூட்டை எடுத்து, சாவியை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்க. ஒன்று திறந்தாலும் அந்த டப்பாவை வாங்க வேண்டாம். உங்கள் வண்டியின் எல்லா டிக்கிக்கும் ஒரே சாவியாக ஒரு செட் கேட்டு வாங்குவது வசதி. ஆனால் அது அந்தக் கடையில் அதிகம் விற்காத எண்ணாக இருக்கட்டும். முகத்தில் குத்தியிருக்கிற எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பூட்டில் இருப்பதை அரத்தால் ராவி விடுங்க. எதுவானாலும் நகை, பணம், லேப்டாப் டிக்கியில் வைக்கிற சாமான் இல்லை.

"அப்போ கொண்டி வச்சு திண்டுக்கல் பூட்டு போட்டுடலாமே" என்று கேட்பாங்க. திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டு, 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அதன் கனம்தான் இங்கே இடைஞ்சல். ஓடுகிற வண்டியில் தொங்கிக்கொண்டு, பெயிண்டை இடித்துக்கொண்டே வரும், மெல்லிய தகட்டில் அடித்த கொண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிடும். போடத்தான் வேண்டுமென்றால் சின்னப் பூட்டாகப் போடுங்க. கொண்டிக்குப் பின்னால் உள்பக்கம் இரும்புத் தகடு கொடுத்து, வெளியிலிருந்து கழற்ற முடியாத உருண்டைத் தலைப் போல்ட் போடுங்க. நாலு ஸ்க்ரூவில் நிற்கிற கொண்டிக்குப் பெரிய பூட்டு போடுவது வீண்.

பெரிய கதவுக்கு நான் செய்வது வேறு. மூன்று நாலு அடி நீளமுள்ள சைடு டிக்கிக்கு நடுவில் ஒரே ஒரு பூட்டு இருந்தால், இரண்டு மூலையும் ஓட்டத்தில் விரிந்து விரிந்து மூடும். மூலைக்கு ஒன்றாக, கதவை உள்ளே இழுத்துப் பிடிக்கிற தாழ் இரண்டு போடுங்க. நடுவில் பூட்டு இருக்கட்டும். பூட்டில் கனம் விழாது, சாவி வெண்ணெய் மாதிரி திரும்பும். மேலே தூக்குகிற கதவுக்குக் கேஸ் ஷாக் போட்டிருந்தால் இது இன்னும் அவசியம். பூட்டு விட்டுப்போய்க் கதவு கொஞ்சம் மேலே எழும்பினால் போதும், மிச்சத்தை ஷாக்கே தூக்கிவிடும், கதவு இறக்கை மாதிரி விரிந்து நிற்கும். பக்கத்தில் பைக்கில் வருகிறவர் கழுத்து உயரத்துக்கு. பாய்க்கட்டு போனால் போகட்டும், எனக்கு இந்தப் பயம்தான் பெரிசு. பக்கவாட்டில் திறக்கிற கதவாக இருந்தால் கீல் வண்டியின் முன்பக்கம் இருக்கணும். தாழ் விட்டாலும் காற்று கதவை மூடும். கீல் பின்பக்கம் இருந்தால் அதே காற்று பிய்த்துத் திறக்கும்.

இப்போ சிலிண்டர். பயணிகள் வண்டியில் கேஸ் சிலிண்டர் கொண்டு போகவே வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. தங்குகிற இடத்தில் சமைத்துக்கோங்க. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். அனுமதி இல்லாமல் எடுத்து வந்த சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, டிக்கியின் தரையில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நல்ல பீடிங் போட்டு, நல்ல பூட்டு போட்டு இறுக்கி மூடின டிக்கி, இந்த ஒரு விஷயத்தில் மோசமான டிக்கி. அடுப்பு வைத்தே கட்டின கேரவனாக இருந்தால், சிலிண்டர் அறை ஆள் உட்காரும் பகுதியிலிருந்து முழுக்கத் தடுத்திருக்கணும், தரையில் வெளியே பார்த்துத் திறந்த ஓட்டை இருக்கணும், பேட்டரியும் இன்வெர்ட்டரும் அங்கே இருக்கக் கூடாது. கதவுக்குத் தாழ் மட்டும் போதும், சாவி வேண்டாம். வாடை வருகிற நேரத்தில் சாவி டிரைவரிடம் இருக்கும், டிரைவர் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, இதைக் கேட்டுச் சிரிக்காதீங்க. டிக்கிக்குள் ஆள் படுக்கிறார்கள். நீண்ட தூரம் ஓடுகிற சில பஸ்களில் மாற்று டிரைவரோ கிளீனரோ தூங்குவது கீழே இருக்கிற சாமான் அறையில்தான். சீசனில் ரூம் கிடைக்காத ராத்திரியிலும் இது நடக்கும். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிகிற இடமும் இதுதான். கேம் லாக் வெளியிலிருந்து பூட்டினால் உள்ளே இருக்கிறவருக்கு ஒரு பிடியும் கிடையாது. அமெரிக்காவில் பிள்ளைகள் கார் டிக்கிக்குள் மாட்டி இறந்த பிறகு, 2001 செப்டம்பர் முதல் செய்கிற கார்களின் டிக்கியில் உள்ளிருந்து திறக்கிற பிடி இருக்கணும் என்று விதி போட்டார்கள். இருட்டில் ஒளிரும் பிடி அது. நம்ம டிக்கிக்கு அதைச் செய்வது கஷ்டமில்லை. நாக்குக்குப் பதிலாக ஸ்பிரிங்கில் வேலை செய்கிற பேடில் லாக் போட்டு, அதன் நாக்கில் ஒரு கேபிளைக் கட்டி உள்பக்கம் வளையம் விட்டால் போதும். சைக்கிள் பிரேக் கேபிளே தாங்கும். வளையத்தில் ஒளிர்கிற ஸ்டிக்கர் ஒட்டுங்க. ஆள் படுக்க இடம் இருக்கிற டிக்கி எதற்கும் இதைச் செய்யாமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை. சிலர் "எதுக்கு அண்ணாச்சி வெட்டிச் செலவு" என்பாங்க. கேபிளுக்குக் காசு வாங்காமலேயே மாட்டி விட்டிருக்கிறேன்.

கடைசியாக, புதுப்பூட்டோடு வருகிற இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் போட்டு வைக்காதீங்க. ஒன்று டிரைவரிடம், இன்னொன்று வண்டியில் வருகிற பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். குளிக்கப் போகும்போது இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டு அருவிக்குள் போகாதீங்க. அடுத்த எபிசோடில் கேஸ் ஷாக் பற்றிப் பேசுவோம், எத்தனை கிலோ கதவுக்கு எந்த ஷாக் என்று கேட்டு நிறையப் பேர் அனுப்பியிருக்கீங்க.